சுவரில் சாத்திய கதவு

ஜூன் 9

அன்பு மகளுக்கு,

எழுதுவது உன் அப்பா. யாரிடமோ சொல்லி எழுத வைத்தது என்று நினைத்துவிடாதே. நானே, என் கையால். எழுபத்தொரு வயதில் என் முதல் கடிதம் இது. முதல் கடிதம் உனக்குத்தான் என்று பிப்ரவரியிலேயே முடிவு செய்துவிட்டேன். அப்போது எனக்கு எட்டு எழுத்துதான் தெரியும்.

நான் நலம், நீ நலமா என்றுதான் தொடங்க வேண்டுமாம். எழுதப் படிக்கச் சொல்லித் தரும் தையல்காரம்மா அப்படித்தான் சொன்னார். நலம் என்று எழுத எனக்கு நன்றாக வருகிறது. ஆனால் முதல் கடிதத்திலேயே பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். ரயில்வே கேட்டில் முப்பத்தாறு வருஷம் ஹாரன் கேட்டுக் கேட்டு என் காது போனது உனக்குத் தெரியும். போனில் நீ பேசினால் டப்பாவுக்குள் வண்டு சுற்றுவது போல இருக்கும். மார்ச்சுக்குப் பிறகு அந்த வண்டும் இல்லை. நீ போனை எடுப்பதே இல்லை. சரி, எழுத்துக்குக் காது வேண்டாமே என்று இதில் இறங்கினேன்.

அம்மாடி, இந்தத் தெரு இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது! மாத்திரை அட்டை பேசுகிறது. சர்க்கரை மூட்டை பேசுகிறது. இங்கே குப்பை கொட்டாதே என்று எழுதிய இடத்தில்தான் நான் வருஷக்கணக்காகக் கொட்டியிருக்கிறேன். கேட் பக்கத்தில் ஒரு பலகை இருந்ததே, வருஷா வருஷம் எழுத்தின் மேலேயே நான் பெயின்ட் அடிப்பேனே, அதை ஏதோ இலாகாவின் பெயர் என்று நினைத்திருந்தேன். போன வாரம் படித்தேன். ‘நில். பார். கேள். பிறகு கட.’ நான் தினமும் ஜனங்களிடம் கத்திக்கொண்டிருந்ததைத்தான் அதுவும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு ஆள்! பலகை இப்போது சுரங்கப்பாதைக்கென்று தோண்டிய குழியில் கிடக்கிறது. குழியில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு வாத்து நீந்துகிறது. பாதை வரும் வரும் என்றார்கள், வாத்து வந்தது.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன். இதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை, அதனால். அக்டோபரில் நம் கேட்டை எடுத்துவிட்டு, தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஐந்தடிச் சுவர் வைத்தார்கள். இனி வண்டி வேகமாகப் போக வேண்டுமாம். நம் பக்கத்து இருநூறு வீட்டுக்காரர்களும் டவுனுக்குப் போக வேண்டுமென்றால் பாலம் சுற்றி ஐந்து கிலோமீட்டர். ஜனவரியில் தச்சருக்கு நெஞ்சு வலி. அவர் வீட்டு வாசல் கதவையே கழற்றி, அதில் அவரைப் படுக்க வைத்து, நாலு பேர் சுவர் தாண்டினார்கள். இரண்டாவது சுவருக்கு அந்தப் பக்கம் நீ ஓட்டும் ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாய். அந்தச் சுவரின் மேலேயே அவர் போய்விட்டார்.

அந்தக் கதவைத்தான் தினமும் காலையில் சுவரில் சாத்தி வைக்கிறோம். சுவருக்கு மேலே ஒன்றரை அடி தெரியும். அந்த ஒன்றரை அடியில் ‘திற’ என்று, போகிற வண்டிக்குத் தெரிகிற மாதிரி நான் எழுதியது. அதுதான் நான் படித்த முதல் சொல். எட்டு நாற்பது வண்டி போகும் வரை எல்லோரும் பக்கத்தில் நிற்போம். மழை வந்தால் கதவை உள்ளே எடுத்துவிடுகிறோம். தச்சர் வீட்டு வாசலில் இன்னும் போர்வைதான் தொங்குகிறது.

இன்னொரு விஷயமும் எழுத வேண்டும். அதற்குரிய எழுத்தெல்லாம் தெரியும். ஆனாலும் இன்று வரவில்லை.

இப்படிக்கு,
கைநாட்டு வைப்பதை விட்டுவிட்ட உன் அப்பா


ஜூன் 21

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மூன்று தரம் படித்தேன். உங்கள் எழுத்து நன்றாக இருக்கிறது. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், இது இடது கை. வலது மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். பேனா பிடித்தால் தோள் வரை வலிக்கிறது. ஸ்டியரிங் பிடிக்க முடியுமா என்று டாக்டரைக் கேட்டேன். “பார்க்கலாம்மா” என்றார். நோயாளிகளிடம் நானும் அப்படித்தான் சொல்வேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஊருக்குள் வரக் கூடாது, இங்கேயே தங்கி தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஜாமீனுக்கு இதுதான் நிபந்தனை. நீங்கள் கையெழுத்துப் போடக் கற்றுச் சந்தோஷப்படுகிறீர்கள். இங்கே எனக்கு அதுதான் தண்டனை.

உங்களுக்கு வராத அந்த விஷயத்தை நானே எழுதிவிடுகிறேன்.

மார்ச் 17. முப்பத்தொரு பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். வண்டியை ஒரு நாள் நிறுத்தினால்தான் அதிகாரி கீழே இறங்கி வந்து சுவரைப் பார்ப்பான். சுவரில் கதவைச் சாத்தினால் சுவர் திறந்துவிடுமா அப்பா? முதல் நாள் உங்களிடம் வந்து உங்கள் சிவப்புக் கொடியைக் கேட்டேன். “கேட்டுக்காரன் பொய்ச் சிவப்பு காட்ட மாட்டான்” என்று பெட்டியைப் பூட்டினீர்கள். சரி, கொள்கை. போகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் கொடி இரண்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்களே வந்தீர்கள். மனசு மாறி வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஹாரன் கேட்டதும் விசிலை ஊதினீர்கள். “லைன் விலகு! லைன் விலகு!” என்று கத்தினீர்கள். போலீஸுக்கு அசையாதவர்கள் உங்கள் விசிலுக்கு எழுந்து ஓடினார்கள். முப்பத்தாறு வருஷம் அந்த விசிலுக்கு ஓடிப் பழகிய கால்கள். அதோடு விட்டீர்களா? வண்டிக்குப் பச்சை காட்டினீர்கள். பச்சை! என் அப்பா! டிரைவர் உங்களுக்கு சல்யூட் அடித்துவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

வண்டி ஒரு நிமிஷம்கூடத் தாமதமாகவில்லை. ஆனால் வண்டியை நிறுத்தினதாக ஏழு பேர் மேல் கேஸ். எனக்கு வேலையும் போய்விட்டது.

வாத்தைப் பற்றி எழுதுங்கள். கதவைப் பற்றி வேண்டாம்.

மகள்


ஜூலை 1

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் எனக்கு வந்த முதல் கடிதம். தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பக்கத்து வீட்டுப் பால்காரர் எட்டிப் பார்த்தார். அவரும் தையல்காரம்மாவிடம் படிக்கிறவர்தான். என் சிலேட்டைப் பார்த்துத்தான் எழுதுவார். “யாருகிட்டருந்து?” என்றார். “என் மகள்” என்றேன். “நல்ல சேதியா?” “எழுத்து நல்லா இருக்கு” என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். படிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒவ்வொரு சொல்லாக வந்ததால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் குத்தியது. படிக்கத் தெரியாத காலம் எவ்வளவு சௌகரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்றைக்குக் காலையில் சிவப்பை உன் கையில் கொடுக்கத்தான் வந்தேன். இதை நீ நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ராத்திரியெல்லாம் யோசித்து, அவள் கேட்டதைக் கொடுத்துவிடுவோம், காட்டுகிற பாவம் அவளுக்கு, கொடுத்த பாவம் எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டு வந்தேன். எப்போதும் போலப் பச்சையும் கூட வந்துவிட்டது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நான் வாசல் தாண்டியதே இல்லை.

ஹாரன் காதில் விழவில்லை. காலில் வந்தது. தரை அதிர்ந்தால் என் உள்ளங்காலுக்குத் தெரியும். அப்புறம் நடந்தது நான் செய்ததில்லை. விசில் தானாக வாய்க்குப் போனது. கை தானாக மேலே போனது. லைனில் ஆள் இல்லையென்றால் பச்சை காட்ட வேண்டும், காட்டிவிட்டது. பந்து வந்தால் கண் மூடுகிறதே, யாரைக் கேட்டு மூடுகிறது? நான் என்ன காட்டினேன் என்று வண்டி போன பிறகுதான் பார்த்தேன். கையில் பச்சை. நீ கல் மேல் விழுந்து கிடந்தாய்.

மன்னிப்பு என்று எழுதப் பழகியிருக்கிறேன். நாலு தரம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். மன்னிப்பு.

கதவைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு வரி. முன்பு முப்பது பேர் வருவோம். இப்போது நான், தச்சர் மனைவி, மெக்கானிக், பால்காரர். பால்காரரும் பால் ஊற்றிவிட்டுத்தான் வருவார். வாத்து நலம். முட்டை வைத்திருக்கிறது.

உன் அப்பா


ஜூலை 10

அப்பாவுக்கு,

மன்னிப்பு எழுத்துப் பிழை இல்லாமல் வந்திருக்கிறது. வைத்துக்கொண்டேன். ஆனால் அதை வைத்து நான் என்ன செய்ய?

இங்கே ஒரு ஏட்டம்மா இருக்கிறார். நோட்டைத் தள்ளுவார், நான் போடுவேன், இழுத்துக்கொள்வார். என் முகத்தைப் பார்ப்பதில்லை. அறை எட்டடிக்கு எட்டடி. ஜன்னலில் இருந்து ஒரு பெட்ரோல் பங்க் தெரிகிறது. ஆம்புலன்ஸ் வந்து டீசல் போட்டால் எழுந்து நின்று பார்க்கிறேன். டிரைவர் கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அன்றைக்குத் தச்சரைக் கொண்டு வந்தபோது நான் பதினொரு நிமிஷம் நின்றேன். “இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்” என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. அப்புறம் அந்தக் குரலும் நின்றது. நீங்கள் கதவுப் பக்கத்தில் நிற்கும்போது இதை யோசிப்பீர்களா? நீங்கள் நாலு பேர் நிற்கிறீர்கள், வண்டியில் ஆயிரம் பேர் பல் துலக்கிக்கொண்டு போகிறார்கள். நிற்பது உங்கள் மனசு ஆறத்தான் அப்பா. யாரையும் அது தொடுவதில்லை.

உண்மையிலேயே வருத்தம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். ஒரே ஒரு நாள் சிவப்பைக் காட்டுங்கள். ஒரு வண்டி நிற்கட்டும். “ஏன் நிறுத்தினாய்?” என்று யாராவது வந்து கேட்கட்டும். அப்போது சொல்லுங்கள்.

முடியாவிட்டால் அதையும் எழுதுங்கள். திட்ட மாட்டேன். என்னிடம் திட்டும் தீர்ந்துவிட்டது.

மகள்


ஜூலை 24

அன்பு மகளுக்கு,

நீ சொன்னதை 22ஆம் தேதி செய்தேன்.

ஒரு வாரம் தூங்கவில்லை. சிவப்பு என்றால் உனக்குத் துணி. எனக்கு அது வாக்கு. சிவப்பு என்றால் இங்கே உயிர் இருக்கிறது, நில் என்று அர்த்தம். முப்பத்தாறு வருஷத்தில் ஒன்பது தரம் காட்டியிருக்கிறேன், ஒன்பதும் நிஜம். பத்தாவது பொய்யாகக் காட்டினால் முதல் ஒன்பதும் பொய்யாகிவிடும் என்று நினைத்தேன். பிறகு தச்சரை நினைத்தேன். இங்கே உயிர் இருக்கிறது என்று சொல்வது எந்த விதத்தில் பொய்? இருநூறு வீடு இருக்கிறது. இது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. எழுத்து மாதிரிதான் புத்தியும் எனக்கு மெதுவாக வருகிறது.

காலையில் துவைத்த சட்டை போட்டேன். தச்சர் மனைவியும் நானும் கதவைத் தூக்கிச் சாத்தினோம். “இன்னைக்கு என்ன அண்ணே, கல்யாண மாப்பிள்ளை மாதிரி?” என்றாள். கொடியைக் காட்டினேன். அவள் கதவைத் தன் தோளால் அணைத்துக்கொண்டாள்.

காலில் அதிர்வு வந்தது. வளைவில் வண்டி தெரிந்ததும் கொடியை விரித்து, கையை முழுசாக நீட்டி, சுவருக்கு மேலே பிடித்தேன்.

வண்டி நிற்கவில்லை அம்மாடி. வேகம்கூடக் குறையவில்லை. அது போன காற்றில் கொடி என் முகத்தில் சுற்றிக்கொண்டது. சுற்றியதை எடுத்துவிட்டுப் பார்த்தேன், கடைசிப் பெட்டியும் போய்விட்டது. கேள்வி கேட்க யாரும் வரவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

டிரைவர் பார்க்கவில்லை போலிருக்கிறது.

அப்பா


ஆகஸ்ட் 2

அப்பா,

உங்கள் கடிதத்தை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அழுதுவிட்டேன். ஏட்டம்மா முதல் தடவையாக முகத்தைப் பார்த்து, “என்னம்மா, வீட்ல யாருக்காவது ஏதாவதா?” என்றார். “எங்கப்பா சிவப்புக் கொடி காட்டிட்டாருங்க” என்றேன். “எந்தக் கட்சி?” என்றார்.

நாலு மாசத்துக்குப் பிறகு சிரித்தேன்.

நீங்கள் செய்வீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. முடியாது என்று எழுதுவீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு கோபமாகவே இருந்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

ஆனால் பட்டப் பகலில், நேர் எதிரே நீட்டிய சிவப்பை ஒரு டிரைவர் எப்படிப் பார்க்காமல் இருப்பான்? எனக்குப் புரியவில்லை. நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். போனில் என்றால் உங்களால் மறைக்க முடியும். எழுத்தில் உங்களுக்கு இன்னும் பழக்கம் வரவில்லை. ‘போலிருக்கிறது’ என்பதை இரண்டு தரம் அடித்து எழுதியிருக்கிறீர்கள்.

மகள்


ஆகஸ்ட் 19

அன்பு மகளுக்கு,

மறைத்தேன். உண்மைதான். படித்த மறுநாளே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வாரமாக உட்கார்ந்தே இருக்கிறேன்.

ஜூலை 23ஆம் தேதியே பாலம் சுற்றி டவுன் ஸ்டேஷனுக்குப் போனேன். டிரைவர்கள் டீ குடிக்கிற இடம் எனக்குத் தெரியும். வெள்ளை மீசை வைத்த டிரைவர் இருந்தார். என் கேட்டை எத்தனையோ வருஷம் கடந்தவர். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். என் காதருகே குனிந்து, சத்தமாகச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“பார்த்தேன் பெரியவரே. பார்த்ததும் பிரேக் போட்டேன். உங்களைத் தாண்டி ஒரு கிலோமீட்டர் போனப்புறம்தான் வேகமே குறைஞ்சுது. அதுக்குள்ள கன்ட்ரோல்ல இருந்து ஏன்னு கேட்டாங்க. உங்களை மாட்டிவிட மனசு வரல. மாடுன்னு சொல்லிட்டேன். சரி, போன்னாங்க. போய்ட்டேன்.”

மாடு என்று எழுதியிருக்கிறார்களாம். என் பத்தாவது சிவப்பு, மாடு.

நான் போயிருக்க வேண்டும். போகாமல் மார்ச் 17 யார் ஓட்டினது என்று கேட்டேன். “நான்தான்” என்றார். “இப்ப இருக்கிற வேகத்துக்கு நிறுத்த ஒன்றரை கிலோமீட்டர் வேணும். வளைவு தாண்டினா உங்க இடம் முந்நூறு மீட்டர். அன்னைக்கும் பிரேக்ல கை வச்சேன், பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சே வச்சேன். நீங்க பச்சை காட்டினாலும் ஒண்ணுதான், சிவப்பு காட்டினாலும் ஒண்ணுதான்.”

“எனக்கு சல்யூட் அடிச்சீங்களே?” என்றேன்.

“சல்யூட் இல்லீங்க. கண்ணைப் பொத்திக்கிட்டேன்.”

இதை உனக்கு எழுதினால், ‘நான்தான் காப்பாற்றினேன், நீதான் கொல்லப் பார்த்தாய்’ என்று சொல்லிக் காட்டுவது போல ஆகிவிடும் என்று பயந்தேன். அப்படி இல்லை. காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து நான் எதையும் செய்யவில்லை. பழக்கம் செய்தது. சந்தோஷப்படக்கூட எனக்கு உரிமை இல்லை. கதவுக்கும் நிற்கவில்லை, கொடிக்கும் நிற்கவில்லை, ஆள் உட்கார்ந்தாலும் நிற்க முடியாது என்றால் நாம் எதைத்தான் காட்டுவது? என் முப்பத்தாறு வருஷமும் அந்த டீக் கடையில் டம்ளரோடு கழுவப்பட்ட மாதிரி இருந்தது.

ஒரே ஒரு பொய் பாக்கி இருக்கிறது. உன் கையைப் பிடித்து இழுத்துப் போட்டது மெக்கானிக் என்று நீ நினைத்திருக்கிறாய், நானும் விட்டுவிட்டேன். அது நான். உன் மணிக்கட்டை உடைத்தது இந்தக் கை. இந்தக் கையால்தான் எழுதுகிறேன்.

அப்பா


செப்டம்பர் 5

அப்பா,

மெக்கானிக் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. முப்பத்தாறு வருஷம் கேட் கைப்பிடி சுற்றின பிடி வேறு யாருக்கு வரும்? என் கை முறிந்த சத்தம் கேட்டபோதே தெரியும்.

என் பொய்யையும் கேளுங்கள். எல்லோரும் ஓடின பிறகும் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தைரியம் என்று ஊரெல்லாம் பேசினார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். தைரியம் இல்லை அப்பா. வளைவில் வண்டியைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினாலு வருஷம் வண்டி ஓட்டினவள். எந்த வேகத்துக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று என் காலுக்கே தெரியும். அது நிற்காது என்று தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். கால் வரவில்லை. அவ்வளவுதான். முப்பது பேரை அங்கே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தது நான். முதல் நாளே இதை யோசித்திருக்க வேண்டியவளும் நான்தான். பச்சை, பச்சை என்று உங்களை இத்தனை மாசம் அடித்தது, இதை நினைக்காமல் இருப்பதற்காகத்தான்.

கேஸ் மறுபடி தள்ளிப் போயிருக்கிறது. இன்னும் ஆறு மாசமோ, ஒரு வருஷமோ, வக்கீல் அம்மாவுக்கே தெரியவில்லை. செய்வதற்கு இங்கே எனக்கு ஒன்றுமே இல்லை. பத்து மணிக்கு ஒரு கட்டம். அவ்வளவுதான் என் உலகம்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். பத்து நாளாக அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதுவதில்லை. ‘திற’ என்று எழுதுகிறேன். இடது கைக் கிறுக்கல்தானே, ஏட்டம்மா பார்ப்பதில்லை. நோட்டைத் தள்ளுகிறார், இழுத்துக்கொள்கிறார். இதனால் ஒரு செங்கல்கூட நகராது என்று எனக்குத் தெரியும். உங்கள் கதவைக் கேலி செய்தவள்தான் நான். ஆனாலும் எழுதிவிட்டு வெளியே வந்து படி இறங்கும்போது கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

நம் இரண்டு பேர் கையெழுத்தும் இப்போது ஒரே வகுப்பு. கதவு எப்படி இருக்கிறது? எழுதுங்கள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 29

அன்பு மகளுக்கு,

சிறைக்கு எழுதும் கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும். படிப்பவர் அய்யாவுக்கும் வணக்கம். என் எழுத்து எட்டாம் மாதத்து எழுத்து, பொறுத்துக்கொள்ளவும்.

வக்கீல் அம்மா வந்து சொன்னார். புது இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டியிருக்கிறார். பத்தொன்பது நாள் உன் கையெழுத்து இல்லை, நிபந்தனை மீறல், ஜாமீன் ரத்து. நான் உடனே கிளம்பி அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போனேன். நோட்டைக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். வரிசையாகப் பத்தொன்பது. உன் ‘ற’ கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பரவாயில்லை.

“அய்யா, அந்தப் பத்தொன்பது கட்டத்திலும் நான் போட்டுத் தரேன். எனக்கு இப்ப நல்லா வரும்” என்றேன். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. “பெரியவரே, நீங்க போட்டா அது இன்னொரு கேஸு. வீட்டுக்குப் போங்க” என்றார். ஏட்டம்மா வாசல் வரை வந்தார். “நான் பார்த்துட்டேன்யா, நாலாவது நாளே. என்னத்துக்குன்னு கேக்கல” என்றார். அவருக்கும் விளக்கம் கேட்டுக் காகிதம் வந்திருக்கிறதாம்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். முப்பத்தொரு பேருக்கு நிற்கவில்லை. என் சிவப்புக்கு நிற்கவில்லை, மாடு என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. ஒரு நோட்டில் உன் இரண்டு எழுத்துக்கு எல்லோரும் நின்றுவிட்டார்கள். நின்று, திரும்பி, உன்னைத்தான் பிடித்தார்கள். இதில் எது பெரிது, எது சிறிது என்று எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

இன்னொன்று. மறுநாள் காலையில் அந்த வண்டியில்தான் திரும்பினேன், எட்டு நாற்பது. நம் சுவரை வண்டிக்குள் இருந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தரம். ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, வளைவு வந்ததும் கண்ணை இமைக்காமல் இருந்தேன். தச்சர் மனைவியும் மெக்கானிக்கும் கதவைச் சாத்தி வைத்து நின்றிருந்தார்களாம். நான் ஒரு பழுப்பு நிறத்தைத்தான் பார்த்தேன். அது கதவா, கம்பமா தெரியவில்லை. எழுத்து தெரியவே இல்லை. எனக்கே தெரியவில்லை அம்மாடி. எழுதினதும் நான்தான், என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவனும் நான்தான். எனக்கே தெரியவில்லை.

பக்கத்தில் இருந்தவரிடம், “இப்ப ஒரு கதவு போச்சே, பார்த்தீங்களா?” என்றேன். “எங்க?” என்றார். அதற்குள் டவுன் வந்துவிட்டது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர்களும் வராமல் நின்றுவிடுவார்கள் என்று பயந்தேன். சொல்லாமலே நின்றுவிட்டார்கள். பால்காரர் பால் ஊற்றுவதோடு நிறுத்திக்கொண்டார். மெக்கானிக் பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை மாற்றிக்கொண்டார். தச்சர் மனைவி நேற்று அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். போகும்போது வாசல் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டாள். “கதவு உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே” என்றாள்.

இன்று காலை நான் மட்டும் போனேன். அவர் செய்த கதவு, நல்ல கனம். ஒரு ஆள் தூக்கிச் சாத்த முடியவில்லை. மூன்று தரம் முயன்றேன். படுத்தபடியே கிடந்தது. அது படுத்திருப்பதைப் பார்க்க எனக்கு ஆகாது, ஏன் என்று உனக்குத் தெரியும். அதனால் எழுத்து இருக்கிற முனையை மட்டும் இடுப்பு வரை தூக்கி, முழங்காலில் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். சுவருக்கு மேலே ஒன்றும் தெரிந்திருக்காது. காலில் அதிர்வு வந்தது. போனது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாளைக்கும் போவேன். மறு முனை தரையில் இருக்கிறது. அது நீ வந்து தூக்க வேண்டியது.

உன் அப்பா